மறுப்பு இருந்தால் மாலை ஆறு மணிக்குள்

என் தம்பி அரவிந்தன் ஐக்கிய நாடுகள் சபையில் அதிகாரி என்று காட்டூரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்லி வைத்தவள் நான்தான். ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம், மாடியில் வாடகைக்கு இருந்தவர்களிடம், ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அது சரியில்லை. அவன் அங்கே ஒலிக் கருவி இயக்குபவன். நைரோபி நகரத்தில் அந்தச் சபைக்கு ஒரு பெரிய அலுவலகம் இருக்கிறது. நாடுகள் கூடிப் பேசும் மண்டபத்தில், மேலே ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த நாட்டுக்குப் பேச முறை வருகிறதோ அந்த நாட்டின் மைக்கைத் திறப்பதும், பேசி முடித்ததும் மூடுவதும் அவன் வேலை. இருபத்தைந்து வருஷம் அதைச் செய்தான். ஒரு நாளும் அவன் குரல் அந்த மண்டபத்தில் கேட்டதில்லை.

"அதிகாரின்னு சொல்லாதேக்கா. மைக் செட்டுக்காரன்னே சொல்லு" என்று அவனே பலமுறை சொன்னான். எனக்குத்தான் மனசு வரவில்லை. இப்போது சரியாக எழுதிவிடுகிறேன்.

அவன் பிறந்தது 1964 ஆவணியில். எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா பிச்சை, கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் வெல்டருக்கு உதவியாளாக இருந்தார். அம்மா மாரியாயி அவனுக்குப் பதினோரு வயதாகும்போது காமாலையில் போய்விட்டாள். அதற்கு முன்பே நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தித் தையல் பழகியிருந்தேன். அவனுக்குப் பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து எல்லாம் நான்தான் தைத்தேன். என்னிடம் ஓர் அளவு நோட்டு உண்டு. எனக்கு வேண்டியவர்கள் அத்தனை பேரின் உடம்பளவும் தேதியோடு அதில் இருக்கிறது. அரவிந்தனுக்கு மட்டும் பதினாறு பக்கம்.

பாலிடெக்னிக்கில் ரேடியோ படித்துக்கொண்டே, பெரிய கடைவீதிப் பக்கம் பரக்கத் அலி பாயிடம் மைக் செட் வேலைக்குப் போனான். கல்யாணம், தர்கா கந்தூரி, கட்சிக் கூட்டம் எல்லாம் பாய் எடுத்துச் செய்வார். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் கூட்டம் நெரியும்போது, தெற்கு வாசலுக்கு வெளியே காணாமல் போனவர்களை அறிவிக்கும் பந்தலுக்கும் அவர் செட்தான். அந்தப் பந்தலில் அரவிந்தன் தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தான். பேரைச் சொல்வான், ஊரைச் சொல்வான், எங்கே வந்து நிற்க வேண்டும் என்று சொல்வான். சொன்னதும் மைக்கை மூடிவிட்டு இரண்டு நிமிஷம் சும்மா இருப்பான். மற்றவர்கள் விடாமல் கத்திக்கொண்டே இருப்பார்கள். கூட்டத்தில் யாராவது "இங்க இருக்கேன்" என்று குரல் கொடுத்தாலும் காதில் விழாது.

"மைக்கைத் திறக்க எல்லாப் பயலுக்கும் தெரியும்மா. மூடத் தெரிஞ்சவன் உன் தம்பி ஒருத்தன்தான்" என்று பாய் என்னிடம் சொன்னார்.

பாயின் உறவினர் ஒருவர் மூலமாக 1988இல் வளைகுடாவுக்குப் போனான். ஓர் ஓட்டலில் மாநாட்டு அறைகளுக்கு ஒலி அமைக்கும் வேலை. அங்கிருந்து 1996இல் நைரோபி. 1999 மார்ச்சில் சபையில் சேர்ந்தான். அன்றிலிருந்து மாதா மாதம் ஒன்றாம் தேதி சாயங்காலம் எனக்குப் போன் செய்வான். ஒரு மாதமும் தவறியதில்லை.

அவன் சொல்லித்தான் அந்தச் சபை எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"அங்க யாருடா பெரியவரு?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பொதுச் செயலாளர்னு ஒருத்தர். நியூயார்க்குல இருப்பாரு. எல்லா ஆபீசுக்கும் அவர்தான் தலைவர்."

"அவர் சொன்னா எல்லா நாடும் கேக்குமா?"

"ஆறு பாஷையில மொழிபெயர்த்துக் கேப்பாங்க. கேட்டுட்டு அவங்கவங்க வேலையைப் பாப்பாங்க."

"அப்புறம் என்னடா தலைவரு?"

"உன்னை மாதிரிதான்க்கா. வீட்டுல பேரு உனக்கு. ஆனா அத்தான் சரின்னு சொல்லணும், சுஜா மூஞ்சியைத் தூக்காம இருக்கணும், மாடிக்காரங்க மோட்டார் போட விடணும். அவருக்கு நூத்தித் தொண்ணூத்திச் சொச்சம் மாடிக்காரங்க."

அத்தான் என்று அவன் சொன்னது என் வீட்டுக்காரர் முருகானந்தத்தை. சுஜா எங்கள் ஒரே பெண்.

அகதிகளுக்குத் தானியம் அனுப்புவது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி, சண்டை நின்ற இடத்தில் காவல் என்று அந்தச் சபைக்கு ஆயிரம் வேலை. காற்று, தண்ணீர், குப்பை ஆகியவற்றைப் பார்க்கும் பிரிவுக்கு நைரோபிதான் தலைமை இடம். எதைச் செய்வதானாலும் முதலில் ஒரு தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளில் ஒரு வரிக்கு மூன்று நாள் பேசுவார்களாம். முடிவில் மேடையில் இருக்கும் கூட்டத் தலைவர், "மறுப்பு எதுவும் எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்லி மரச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். தட்டினால் முடிந்தது.

"அவர் சொல்றதுக்கும் சுத்தியல் விழுறதுக்கும் நடுவுல ரெண்டு செகண்ட் இருக்கும்க்கா. எந்த நாடாவது பொத்தானை அமுக்குதான்னு விளக்கைப் பாத்துக்கிட்டே இருக்கணும். அந்த ரெண்டு செகண்ட்தான் எங்க வேலையே."

கூட்டம் கூட முடியாதபோது வேறொரு முறை உண்டு. தாளை எல்லா நாட்டுக்கும் அனுப்பிவிட்டு, மறுப்பு இருந்தால் இன்ன தேதி, இன்ன மணிக்குள் சொல்லவும் என்று எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் மூன்று நாள் அவகாசம். யாரும் வாயைத் திறக்காவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. ஒரே ஒரு நாடு, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், மறுத்து ஒரு வரி அனுப்பினால் தாள் நின்றுவிடும்.

எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில், "நாளை கத்தரிக்காய்க் குழம்பு. மறுப்பு இருந்தால் ஏழு மணிக்குள்" என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

"நான் வீட்டுக்கு வர்றதே ஏழு அஞ்சுக்குத்தானேடி" என்றார் வீட்டுக்காரர்.

"அதுக்குள்ள சுத்தியல் விழுந்துடுச்சுங்க."

சுஜா விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு மூன்று வருஷம் எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது. ஆகவே அந்த முறை எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. அதனால்தான் இதையெல்லாம் முதலில் எழுதினேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். 2003இல் ஒருநாள், தலைவர் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அரவிந்தன் குனிந்து தண்ணீர் குடித்திருக்கிறான். நிமிர்ந்தபோது சுத்தியல் விழுந்துவிட்டது. ஒரு மூலையில் ஏதோ சின்னத் தீவின் விளக்கு சுத்தியலுக்கு முன்பே எரிந்திருந்ததை இவன் கருவி காட்டியது. அந்தத் தீவுக்காரரே தாமதம் நம்முடையதுதான் என்று நினைத்துக் காகிதங்களை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார். யாருக்கும் தெரியாது. இவன் கண்ணாடி அறையிலிருந்து படியிறங்கிப் போய், மேடைக்குப் பின்னால் இருந்தவரிடம், "தவறு என்னுடையது. அவர்கள் நேரத்துக்குள் கேட்டார்கள்" என்று சொல்லியிருக்கிறான். தலைவர் அந்த விஷயத்தைத் திரும்ப எடுத்தார். அரவிந்தனுக்கு மேலதிகாரியிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

"உனக்கு எதுக்குடா வேண்டாத வேலை? அந்த ஆளே விட்டுட்டானே" என்றேன்.

"அவரு விட்டுட்டாருக்கா. ஆனா விளக்கு எரிஞ்சுதே."

இதை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொன்னேன் என்று கணக்கில்லை.

அவனுக்குப் பெண் பார்ப்பது என் பொறுப்பு. 1990இலிருந்து பதினாலு இடம் பார்த்தேன். தூரதேசம், என்ன வேலை என்று புரியவில்லை, வயது ஏறிவிட்டது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப்போனது. எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்று யாரும் எழுதமாட்டார்கள். முகத்துக்கு நேரே சொல்லி மனசை நோகடிக்கக் கூடாது என்று பதில் போடாமல் விட்டுவிடுவார்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு நாமே புரிந்துகொள்ள வேண்டும். பதினாலில் ஒன்பது இடம் அப்படித்தான் முடிந்தது. பிறகு அவனும், "போதும்க்கா, விடு" என்றான். நாற்பது வயது தாண்டிவிட்டது.

2006 அக்டோபர் 5ஆம் தேதி அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. செப்டம்பர் 24 என்று தேதியிட்டிருந்தான். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. வேண்டிய பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

"அவள் பெயர் லூர்துராணி. பாலக்கரைக்காரி. இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். என்னைவிட மூன்று வயது மூத்தவள். கணவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. காட்டூருக்கும் பாலக்கரைக்கும் நடுவில் ஒரு டவுன் பஸ் தூரம். நாங்கள் பார்த்துக்கொள்வதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது. வேறு மதம், மூத்தவள், மறுமணம். நம் வீட்டுக்கு இது கஷ்டம் என்று தெரியும். நீ வேண்டாம் என்றால் செய்யமாட்டேன். அவளிடமும் சொல்லிவிட்டேன். போனில் கேட்டால் உனக்குச் சங்கடமாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன். மறுப்பு இருந்தால் அக்டோபர் 31, நம்மூர் நேரம் மாலை ஆறு மணிக்குள் ஒரு வார்த்தை சொல். இங்கே அப்போது மூன்றரை. அதுவரை போன் பக்கத்திலேயே இருப்பேன். ஒன்றும் வராவிட்டால் உன் ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொள்வேன்."

கடிதத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"சுஜாவுக்கு மணப்பாறை சம்பந்தம் வர்ற நேரம். இவனுக்கு வேற நாளே கிடைக்கலியா?"

"வேண்டாம்னு எழுதிடட்டுமாங்க?"

"எழுதினா நாளைக்கு உன்னாலதான் ஒத்தையா நிக்கிறேன்னு சொல்லுவான். எதுக்கு அந்தப் பழி? பதில் போடாதே. நம்ம ஊருக்காரன்தானே, புரிஞ்சுப்பான்."

அவர் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். அவர் மேல் பழி போடவில்லை. வேண்டாம் என்று சொல்கிறவளாக நான் இருக்கக் கூடாது. ஆனால் அது நடக்கவும் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஒன்றாம் தேதிப் போன் அந்த மாதம் கடிதத்துக்கு முன்பே வந்து போயிருந்தது. இருபத்தாறு நாள் இருந்தன. அக்டோபர் 31 செவ்வாய்க்கிழமை. அன்று சாயங்காலம் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரத்துக்கு நேரே போன். ஐந்தே முக்காலுக்கு எழுந்து போய் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தேன். எடுக்கவில்லை. ஆறு அடித்தது. கொக்கிகளில் இரண்டு கோணலாகப் போயிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். பிரித்துத் திரும்ப வைத்தேன்.

மறுநாள் ஒன்றாம் தேதி. போன் வந்தது. நான் மழையைப் பற்றிப் பேசினேன். காவிரியில் தண்ணீர் கரை தொட்டுப் போவதைச் சொன்னேன். அவன் குரல் என்றும் இல்லாதபடி லேசாக இருந்தது.

"ரொம்ப சந்தோஷம்க்கா" என்றான் வைப்பதற்கு முன்னால்.

எதற்குச் சந்தோஷம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நேரம் இருந்தது.

டிசம்பர் 29. ஏகாதசிக்கு ஊர் நிறைந்திருந்தது. மார்கழி என்றாலும், மாப்பிள்ளைக்கு லீவு அப்போதுதான் என்று மணப்பாறைக்காரர்கள் நாலு மணிக்கு சுஜாவைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பதினொரு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. அரவிந்தன் இறங்கினான். பின்னால் ஒரு பெண், நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவையில். கையில் ஒரு துணிப் பை. எங்கள் வாசலில் இரும்புக் கிரில் கதவு உண்டு. நான் உள்ளே நின்றேன். கதவு சாத்தியிருந்தது.

"அக்கா, நவம்பர் பதினெட்டுல பதிவு பண்ணிக்கிட்டோம். நேர்ல வந்து சொல்லணும்னுதான் போன்ல சொல்லல" என்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"நான் எப்படா சரின்னு சொன்னேன்?"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "நீ மறுக்கலியேக்கா."

"பதில் போடலேன்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா? உனக்குப் பதினாலு இடம் பாத்தேனே, எத்தனை பேரு பதில் போட்டாங்க? அதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?"

"அது ஊர்க்காரங்கக்கா. நீ என் அக்கா."

உள்ளேயிருந்து வீட்டுக்காரர், "நாலு மணிக்கு ஆளுங்க வர்றாங்க, அனுசுயா" என்று மட்டும் குரல் கொடுத்தார். அந்தப் பெண்தான் முதலில் அசைந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. தெரியாம நல்ல நாள்ல வந்து நின்னுட்டோம்" என்றாள். அவனைப் பார்த்து, "வாங்க, அம்மா சமைச்சு வச்சிருப்பாங்க" என்றாள். பிறகு திரும்பி, கிரில் கம்பிகளுக்கு நடுவே அந்தப் பையைத் தள்ளினாள். "உங்களுக்குன்னு எடுத்தது. தைக்கிறவங்களாச்சே, பிடிக்கும்னு நினைச்சேன்."

பெரிய பெரிய பூக்கள் போட்ட ஆப்பிரிக்கத் துணி, ஆறு கஜம். நான் பையை வாங்கினேன், கதவைத் திறக்கவில்லை. எந்தப் பெண் எதிரே வந்தாலும் என் கண் தானாக அளவெடுத்துவிடும். ஆட்டோவில் ஏற அவள் திரும்பியபோது, தோள் பதினாலு என்று மனசுக்குள் ஓடியது.

மணப்பாறைக்காரர்கள் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். "ஐ.நா.வில இருக்கிற மாமா வரலீங்களா?" என்று கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்றேன். அவன் பாலக்கரையில் இருந்தான். அவர்களும் அதன் பிறகு பதில் போடவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பரக்கத் அலி பாய் வந்தார். அப்போதே அவருக்கு எழுபது வயது. நாற்காலியில் உட்காராமல் நின்றே பேசினார்.

"ரெண்டு பேரும் ஸ்ரீரங்கத்துல நம்ம பந்தலுக்கு வந்தாங்கம்மா. அவன் மூஞ்சியே சரியில்லை. சும்மா சிரிக்க வைக்கலாம்னு, 'உங்க அக்கா பேரைச் சொல்லி மைக்ல கூப்பிடட்டுமாடா'ன்னு கேட்டேன். 'வேணாம் பாய், அக்கா காணாமப் போகல, வீட்டுலதான் இருக்கு'ன்னான்."

காபி போட்டுத் தருகிறேன் என்றேன். "இன்னொரு நாளைக்கும்மா" என்று போய்விட்டார்.

அதன் பிறகும் அரவிந்தன் ஒன்றாம் தேதிப் போனை நிறுத்தவில்லை. மழை, சுஜாவின் வேலை, அத்தானின் சர்க்கரை எல்லாம் பேசுவோம். அவளைப் பற்றி அவன் சொல்லமாட்டான். நான் கேட்கமாட்டேன். சுஜா 2008இல் தன்னோடு வேலை பார்த்தவரையே கட்டிக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. கல்யாணத்துக்கு அவனை மட்டும் கூப்பிட்டேன். வரவில்லை. "அன்னிக்குப் பொண்ணு பாக்க வர்றாங்கன்னு என்னைக் காரணம் காட்டாதீங்கம்மா. நான் மாமாவை வரவேண்டாம்னு சொன்னேனா?" என்று சுஜா கேட்டாள்.

ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு துணி வந்தது. பார்சலில் அனுப்பியவர் பெயர் அவன் கையெழுத்தில் இருக்கும். துணியைத் தேர்ந்தெடுத்தது அவன் இல்லை என்று பார்த்தாலே தெரியும். ரவிக்கைக்கு வெட்டும்போது பூ எங்கே விழும் என்று யோசித்து வாங்கிய துணிகள். பதினேழு வருஷத்தில் பதினேழு. ஒன்றையும் நான் வெட்டவில்லை. பீரோவில் வேப்பிலை போட்டு அடுக்கி வைத்திருக்கிறேன்.

அவன் அங்கே படிப்படியாக மேலே வந்தான். ஒலி அறைக்கே பொறுப்பாளன் ஆனான். சுற்றுச்சூழலுக்காக எல்லா நாடுகளும் நைரோபியில் கூடுகிற பெரிய கூட்டங்களில் அவன் சொல்படிதான் ஒலி. 2019இல் லூர்துராணியின் அம்மா காலமானார். செய்தி தெரிந்து பஸ் ஏறினேன். பாலக்கரையில் இறங்கி, தெருமுனை வரை நடந்தேன். ஒலிபெருக்கியில் ஜெபம் கேட்டது. என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போவது என்று தெரியவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

கொரோனா வந்தபோது சபைகள் கூட முடியவில்லை. நியூயார்க்கில் பெரிய சபையே பல முடிவுகளை அந்தப் பழைய முறையில்தான் எடுத்ததாகச் சொன்னான். தாளை அனுப்பிவிட்டு, இத்தனை மணிக்குள் யாரும் மறுக்காவிட்டால் ஒப்புதல்.

"எல்லாரும் அமைதியா இருந்தே எவ்வளவு முடிஞ்சுபோச்சு பாருக்கா" என்றான்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் போனைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

2023 ஜூன் ஒன்றாம் தேதி, "லூர்து போயிட்டாக்கா" என்றான். மே 19ஆம் தேதியே போயிருக்கிறாள். சிறுநீரகம். பதிமூன்று நாள் கழித்து, வழக்கமான நாளில்தான் எனக்குச் சொன்னான். நைரோபியிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நான் அழுதேன். அவன் சமாதானம் சொன்னான். அது தலைகீழ் என்று எனக்கே தெரிந்தது. அந்த டிசம்பரில் துணி வரவில்லை.

போன வருஷம், 2024 ஆவணியில் அவனுக்கு அறுபது. ஓய்வு பெற்றான். கடைசி நாள் மண்டபத்தில் எல்லோரும் கண்ணாடி அறையைப் பார்த்துக் கை தட்டினார்களாம். மைக்கில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்களாம்.

"என்னடா பேசுன?"

"மாட்டேன்னுட்டேன். பழக்கமில்லேக்கா."

காட்டூர் வீட்டு மாடியை அவனுக்காக ஒழித்து, வெள்ளையடித்து வைத்திருந்தேன். செப்டம்பர் 14ஆம் தேதி கடிதம் வந்தது. வாட்ஸ்அப் இருக்கும் காலத்திலும் கடிதம்தான் போட்டிருந்தான். நைரோபியிலேயே இருந்துவிடப் போகிறான். மாடியை வாடகைக்கு விட்டுவிடலாம். கடைசி வரி: "மறுப்பு இருந்தால் செப்டம்பர் 30, மாலை ஆறு மணிக்குள்."

அவன் வேண்டுமென்று எழுதினானா, கை பழக்கத்தில் எழுதினானா, எனக்குத் தெரியாது. காகிதத்தில் ஐந்து காரணங்கள் எழுதிக்கொண்டேன். வயசாகிவிட்டது, தனியாக இருக்கக் கூடாது, டாக்டர் பக்கத்தில் இருக்கிறார் என்று. அன்றைக்கே போன் செய்தேன். ஒன்றாம் தேதி அல்லாத ஒரு நாளில், நானாக அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"என்னக்கா? அத்தானுக்கு ஏதாவதா?"

"அத்தான் நல்லா இருக்காரு. அரவிந்தா, எனக்கு மறுப்பு இருக்கு."

அந்தப் பக்கம் நாள்காட்டித் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"இன்னும் பதினாறு நாள் இருக்கேக்கா."

"இருக்கட்டும். இப்பவே சொல்றேன். தாள் நிக்கும்தானே?"

"நிக்கும். ஆனா மறுத்தவங்க சொல்றதே நடக்கும்னு விதி கிடையாது. திரும்ப உக்காந்து பேசணும், அவ்வளவுதான்." மூச்சு விட்டான். "காரணம் சொல்லு, குறிச்சுக்கிறேன்."

காகிதம் கையில்தான் இருந்தது. படிக்க முடியவில்லை.

"நான் லூர்துவை உள்ள வாங்கன்னு கூப்பிடல" என்றேன். அவள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே அன்றுதான்.

"அது இப்ப எடுத்துக்கிட்ட விஷயம் இல்லியேக்கா."

"எனக்கு அது ஒண்ணுதான் விஷயம். அன்னிக்கு வேண்டாம்னு சொல்லியிருக்கணும். இல்லேன்னா கதவைத் திறந்திருக்கணும். ரெண்டும் செய்யல."

"வேண்டாம்னு நீ சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன். கேட்டுட்டு, ஒரு வருஷம் கழிச்சுத் திரும்பக் கேட்டிருப்பேன்" என்றான். கோபம் இல்லாமல், ஒரு கருவி ஏன் வேலை செய்யவில்லை என்று விளக்குகிறவன் மாதிரி சொன்னான். "நாலஞ்சு வருஷம் அவ எதிர்பார்த்தா. போன் மணி அடிச்சா, அண்ணியா பாருங்கன்னுவா. அப்புறம் விட்டுட்டா. துணி எடுக்கிறதை மட்டும் விடல. அவளை இங்க தனியா விட்டுட்டு நான் எப்படிக்கா அங்க வர்றது? அங்க இடமில்லாமத்தானே இங்க இருந்தோம்?"

இந்தத் தடவை சும்மா இருக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

"மார்கழிக்கு வந்துட்டாவது போ" என்றேன். "வரும்போது அவளோட அளவு ரவிக்கை ஒண்ணு கொண்டு வா."

"எதுக்குக்கா?"

"கொண்டு வாடா."

மார்கழியில் வந்தான். இருபது நாள் இருந்தான். தங்கியது பாலக்கரையில், லூர்துராணியின் தம்பி வீட்டில். பகலில் எங்கள் வீட்டுக்கு வருவான். மாடிக்கு ஒருநாள் ஏறிப் பார்த்து, "வெள்ளை நல்லா அடிச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். ஸ்ரீரங்கத்துக்கு ஒருநாள் சேர்ந்து போனோம். அறிவிப்புப் பந்தலில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். கொஞ்ச நேரம் நின்று கேட்டான். "மூடவே மாட்டேங்கிறாங்க" என்றான்.

ஜனவரியில் திரும்பிப் போய்விட்டான். இனி அங்கேதான்.

போவதற்கு முந்தின நாள் அந்த ரவிக்கையைக் கொடுத்தான். வெளிர்நீலம், பருத்தி. இடுப்புப் பட்டியில் யாரோ கையால் பிரித்துத் தைத்திருந்தார்கள், அவளேதான் என்றான். வெட்டு மேஜையில் விரித்தேன். அளவு நோட்டில் அரவிந்தனின் பக்கங்களுக்கு அடுத்து ஒரு புதுப் பக்கம் எடுத்து, மேலே லூர்துராணி என்று பேரும் தேதியும் எழுதினேன். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று அவனே டேப்பைப் பிடித்து ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லிவிட்டு நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னான். மார்பு, இடுப்பு, கை, கழுத்து.

"தோள் பதிமூணரை" என்றான்.

திரும்ப வைத்துப் பார்க்கச் சொன்னேன். பதிமூணரைதான். கிரில் கதவுக்கு உள்ளே நின்று நான் கண்ணால் எடுத்தது பதினாலு. அரை அங்குலம் தப்பு. கிட்டே போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.